மடிக்கணினி வாங்குவோரும் திறந்த இயங்குதளத்தின் வரலாறும்



தோட்டத்து லயங்களில் வால்வு வானொலிப் பெட்டி இருந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெட்டி பழுதானால் அதைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டு போவோம். கடைக்காரர் பின்பலகையைக் கழற்றுவார். பல பெட்டிகளில் உள்பக்கமாக ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்தக் கம்பி எதோடு சேர்கிறது என்று கோடு கோடாக வரைந்த படம் அது. பெட்டியைச் செய்தவர் ஐரோப்பாவிலே இருந்தார். பழுது பார்த்தவர் கிள்ளானிலே இருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆயினும் அந்தத் தாள் இருந்ததால் நம் வீட்டில் மீண்டும் பாட்டுக் கேட்டது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மடிக்கணினியைப் பற்றி. அதிலும், லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளத்தோடு நன்றாக ஒத்துப்போகும் உயர்தர மடிக்கணினி ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி. வரலாற்றுப் பேச்சில் கடைச் சரக்குக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கடையில் நிற்கும்போது நமக்கு உதவுவது விளம்பரத் தாள் அல்ல, கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்தவைதாம் என்பதே நம் எண்ணம். எந்தப் பெட்டிக்குள் அந்தப் படத்தாள் இருந்தது, எந்தப் பெட்டிக்குள் இல்லை என்பதுதான் இந்த வரலாற்றின் சாரம்.

இது நம் குடும்பங்களுக்குச் சிறிய காரியமன்று. கேரித்தீவிலும் பந்திங் வட்டாரத்திலும் இன்னும் செம்பனைத் தோட்டத்தில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிய பிறகு கிள்ளானிலும் பூச்சோங்கிலும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களுடைய பிள்ளைகள் இன்று போலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் கணினித்துறை படிக்கிறார்கள். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு மடிக்கணினிக்கு 5,000 வெள்ளி கொடுக்கிறோம் என்றால் அது ஏறக்குறைய மூன்று மாத உழைப்பு. தவறான பெட்டியை வாங்கிவிட்டால் இரண்டாவது வாங்குவதற்குப் பணம் இராது.

சரி, இந்த இயங்குதளம் என்பது என்ன? கணினியின் உறுப்புகளையெல்லாம் ஒழுங்காக வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள் அது. பெரும்பாலான மடிக்கணினிகளில் கடையிலேயே விண்டோஸ் போட்டுத் தருகிறார்கள். லினக்ஸ் அதற்கு மாற்று. அதன் உள்ளமைப்பு எல்லாருடைய கண்ணுக்கும் திறந்திருக்கிறது, யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம், விலை கிடையாது. இது ஏதோ அறிஞர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். உங்கள் கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால் அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான்.

கதை ஓர் அச்சுப்பொறியில் தொடங்குகிறது. 1980ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை அன்பளிப்பாகக் கொடுத்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் இளைஞர், காகிதம் சிக்கியவுடன் எல்லாருக்கும் செய்தி போகும்படி மென்பொருளைத் திருத்த நினைத்தார். பழைய பொறியில் அப்படித்தான் செய்திருந்தார். புதிய பொறியின் மென்பொருளோ மூடிய பொருள். அதன் மூலநிரலை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டார். கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்திருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் அதை மறக்கவில்லை. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், முழுவதும் திறந்த ஓர் இயங்குதளத்தை எழுதப் போவதாக அறிவித்தார். அதற்கு க்னூ என்று பெயர் வைத்தார். இத்தனை பெரிய இயக்கம் ஒரு பொறிக்குள்ளே படத்தாள் இல்லாமல் போனதிலிருந்து பிறந்தது என்பதைக் கவனியுங்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து ஃபின்லாந்து நாட்டில் அடுத்த அத்தியாயம். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கணினி வாங்கினார். கையில் முழுப் பணம் இல்லை. கொஞ்சம் கட்டிவிட்டு மீதியைத் தவணையில் எடுத்தார். நம் தாய்மார்கள் சிங்கர் தையல் இயந்திரம் வாங்கிய அதே முறைதான்! அந்தத் தவணைக் கணினியில்தான் லினக்ஸின் கருவை எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அதைப் பற்றிப் பிறருக்கு எழுதித் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. பல நாட்டார் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள், பிழை திருத்தினார்கள், புதிய பகுதிகளை எழுதிச் சேர்த்தார்கள். கட்டாமல் நின்ற தவணைப் பணத்தையும் அவர்களே திரட்டி அனுப்பினார்கள்.

இதைக் கேட்கும்போது நமக்குத் துன் வீ. தி. சம்பந்தனின் தோட்டப் பயணங்கள் நினைவுக்கு வருகின்றன. ஐம்பதுகளின் இறுதியில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். வேலையும் வீடும் போகும் நிலையில், மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று கேட்டார். 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. சங்கத்தின் தோட்டம் பங்குதாரருடையது; லினக்ஸோ பங்கு போடாதவருக்கும் கிடைக்கிறது. ஆனால் சிறு கைகள் சேர்ந்தால் பெரிய காரியம் நடக்கும் என்பது நம் மக்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதன்று.

இனிச் சிக்கலுக்கு வருவோம். கணினிக்குள் பல உறுப்புகள் உள்ளன. திரையை ஓட்டும் சில்லு, ஒலி தரும் சில்லு, வைஃபை சில்லு, கேமரா, விரல்ரேகை பார்க்கும் பொத்தான் என்று ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மொழி பேசும். பழைய தோட்டத்தில் துரைக்குத் தமிழ் தெரியாது. வெட்டுக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் கங்காணியோ கிராணியோ நின்று பேசினார்கள். கணினியில் அப்படி நடுவில் நிற்கும் சிறு மென்பொருளுக்கு இயக்கி என்று பெயர். விண்டோஸுக்கான இயக்கியைச் சில்லு செய்யும் நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடும். லினக்ஸுக்கும் எழுதிக் கொடுத்தால் நல்லது. அல்லது, சில்லின் மொழி இதுதான் என்று வெளியிட்டால் மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். இரண்டும் இல்லையென்றால், ஊமையோடு பேசுவது போல, தட்டித் தட்டிப் பார்த்துப் பல மாதங்களில் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மடிக்கணினி லினக்ஸுக்கு ஏற்றதா என்ற கேள்வி உண்மையில் அதன் இயக்கிகளைப் பற்றிய கேள்விதான்.

மேசைக் கணினியில் ஒரு பாகம் ஒத்துவரவில்லை என்றால் கழற்றிவிட்டு வேறு போடலாம். மடிக்கணினியில் அப்படி முடியாது. அதனால்தான் தொல்லை அதிகம். 1990களின் பின்பாதியில் தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்தது. செலவைக் குறைக்க, மோடத்தின் வேலையில் பாதியை விண்டோஸே செய்யும்படி மலிவான மோடங்களை மடிக்கணினிகளில் வைத்தார்கள். விண்டோஸ் இல்லாவிட்டால் அவை வெறும் தகடுகள். பிறகு வைஃபை வந்தது. அதிலும் இதே கதை. இன்டெல் நிறுவனம் 2003இல் சென்ட்ரினோ என்ற பெயரில் வைஃபையோடு கூடிய மடிக்கணினித் தொகுப்பை வெளியிட்டது. லினக்ஸுக்கான இயக்கியை அடுத்த ஆண்டே அந்நிறுவனம் தந்தது. வேறு சில நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் தரவில்லை. பிராட்காம் நிறுவனம் தன் வைஃபை சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை 2010இல்தான் வெளியிட்டது. மடிக்கணினியின் மேல் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் வைஃபை அட்டை எது என்று பார்க்கும் பழக்கம் அந்நாளிலேயே லினக்ஸ்காரர்களிடம் வந்துவிட்டது.

மடிக்கணினிகளில் ஒன்றுக்கு மட்டும் தனி வரலாறு உண்டு. 1992ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட திங்க்பேட். ஜப்பானின் யமாட்டோ ஆய்வுக்கூடத்தில் உருவானது. வடிவத்தைத் தந்தவர் ரிச்சர்ட் சாப்பர் என்னும் ஜெர்மானியர். ஜப்பானியரின் சோற்றுப் பெட்டியைப் போலக் கறுப்பாக, வெளியே எந்தப் பகட்டும் இல்லாமல், திறந்தால் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. 2005இல் இந்தத் தொழில் சீனாவின் லெனோவோ நிறுவனத்தின் கைக்கு மாறியது. லினக்ஸை எழுதுவோரில் பலர் இதைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். தங்கள் பெட்டியில் ஓடாத ஒன்றைத் தாங்களே ஓடவைத்துக்கொண்டார்கள். அந்தப் பயன் பின்னால் வாங்கிய எல்லாருக்கும் வந்தது. தொழில்நிறுவனங்களுக்காகச் செய்த இந்த வகைப் பெட்டிகளில் பாகங்களை அடிக்கடி மாற்றுவதில்லை. பழுதுபார்க்கும் கையேட்டையும் நிறுவனமே வெளியிட்டுவிடும். நம் வானொலித் தாள் இங்கே மீண்டும் வந்துவிட்டது.

அந்த ஆண்டுகளில் கோலாலம்பூரில் நம் பிள்ளைகள் கணினி வாங்கப் போனது இம்பி பிளாசாவுக்கு. 1999இல் அதன் அருகே லோயாட் பிளாசா எழுந்தது. திருட்டுக் குறுந்தட்டுகள் தெருவோரமெங்கும் மலிந்திருந்த காலம் அது. மென்பொருளுக்குப் பணம் கொடுப்பதா என்று சிரிப்பார்கள். 2000ஆம் ஆண்டில் குறுந்தட்டுச் சட்டம் வந்தது, கெடுபிடி கூடியது. 2004ஆம் ஆண்டில் நம் அரசாங்கமே அரசுத்துறைகளில் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துவதற்கான பெருந்திட்டத்தை அறிவித்தது. ஆயினும் கடைகளில் லினக்ஸுக்கென்று தேர்ந்த மடிக்கணினியைக் கேட்டால் விழிப்பார்கள்.

கேட்டவர்கள் அதிகமானபோதுதான் நிலைமை மாறியது. 2007ஆம் ஆண்டு டெல் நிறுவனம், எங்களிடம் என்ன வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்டது. ஆயிரக்கணக்கானோர் லினக்ஸ் போட்ட கணினி வேண்டும் என்று எழுதினார்கள். அவ்வாண்டு மே மாதமே உபுண்டு என்னும் லினக்ஸ் வகையைப் போட்டுச் சில கணினிகளை விற்கத் தொடங்கியது. 2012 நவம்பரில் அதே நிறுவனம் எக்ஸ்.பி.எஸ். 13 என்ற மெல்லிய உயர்தர மடிக்கணினியை உபுண்டுவோடு, மென்பொருள் எழுதுவோருக்கென்றே வெளியிட்டது. நம் பேச்சின் பொருளாகிய உயர்தர லினக்ஸ் மடிக்கணினி கடைச் சரக்காக நிலைபெற்றது அன்று முதல்தான் என்று சொல்லலாம். 2020இல் லெனோவோவும் ஃபெடோரா என்னும் லினக்ஸ் வகையோடு திங்க்பேட் விற்க முன்வந்தது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வரவேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் கேட்டார்கள். பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் என்ற அரசு ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. மொத்தமாக வாங்குகிறவர் கேட்டால் செய்பவர் வளைந்து கொடுக்கிறார்.

எல்லாரும் வளைந்துவிடவில்லை. விளையாட்டுக்கும் படத்தொகுப்புக்கும் பெயர்பெற்ற என்விடியா என்னும் திரைச்சில்லு நிறுவனத்தை 2012இல் ஃபின்லாந்துக் கூட்டம் ஒன்றில் டோர்வால்ட்ஸ் திட்டிய திட்டு உலகெங்கும் பரவியது. அச்சொற்களை வானொலியில் சொல்ல இயலாது! அந்நிறுவனம் 2022இல் தன் இயக்கியின் ஒரு பகுதியைத் திறந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் அழகிலும் உழைப்பிலும் உயர்தரமே, மறுக்கவில்லை. ஆனால் 2020 முதல் அவர்கள் தங்கள் சொந்தச் சில்லையே பயன்படுத்துகிறார்கள். லினக்ஸுக்கான விவரங்களை வெளியிடுவதில்லை. அசாகி லினக்ஸ் என்ற தன்னார்வக் குழுவினர் தட்டிப் பார்த்தே பெரும் வேலை செய்திருக்கிறார்கள். ஆனாலும் புதிய தலைமுறைச் சில்லு ஒவ்வொன்றுக்கும் அவர்கள் பின்னால் ஓடவேண்டியிருக்கிறது. நம் நோக்கத்துக்கு அதை வாங்குவதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

விலை கூடினால் குறை இராது என்று நாமும் ஒரு காலத்தில் நம்பியவர்தாம். சில ஆண்டுகளுக்கு முன் புதிதாக வந்த ஒரு மெல்லிய பெட்டியை வாங்கினோம். கடைக்காரத் தம்பி, "டாப் மாடல் அண்ணே, எல்லாம் ஓடும்" என்றார். வீட்டுக்கு வந்து லினக்ஸ் போட்டால் வைஃபை தெரியவில்லை. கேமராவும் கறுப்பாகவே இருந்தது. பையில் போட்டுக்கொண்டு கம்யூட்டர் ரயிலில் போனால் உள்ளே சூடேறி, இறங்கும்போது மின்கலம் தீர்ந்திருக்கும். கைப்பேசியைக் கம்பியால் இணைத்து இணையத்தை வாங்கி நான்கைந்து மாதம் ஓட்டினோம். பிறகு லினக்ஸின் புதிய பதிப்பு வந்து வைஃபை வந்தது. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. விண்டோஸில் எல்லாம் ஓடத்தான் செய்தது.

அதற்குக் காரணங்களைப் பின்னால் அறிந்தோம். புதுச்சில்லுக்கான இயக்கி லினக்ஸின் புதிய கருவில்தான் இருக்கும். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்போ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். நேற்று வந்த பெட்டியில் சென்ற ஆண்டின் லினக்ஸைப் போட்டால் இடைவெளி விழும். கேமரா விஷயத்தில், 2022ஐ ஒட்டி விலை உயர்ந்த மெல்லிய பெட்டிகள் சிலவற்றில் புதிய வகைக் கேமரா இணைப்பு வந்தது. அதற்கான இயக்கி லினக்ஸில் நெடுநாள் சரியாக அமையவில்லை. மலிவான பெட்டியில் பழைய வகைக் கேமரா ஒழுங்காக வேலை செய்தது, விலை உயர்ந்ததில் செய்யவில்லை! உறங்கும் முறையும் அப்படியே. முன்பெல்லாம் மூடியை மூடினால் கணினி ஆழ்ந்து உறங்கும். இப்போது வரும் பல பெட்டிகள் கைப்பேசியைப் போல அரைத்தூக்கமே தூங்குகின்றன. இயக்கிகள் ஒத்துழைக்காவிட்டால் அந்த அரைத்தூக்கம் மின்கலத்தைத் தின்றுவிடும்.

ஆகவே உயர்தரம் என்று எதைச் சொல்வது? நல்ல விசைப்பலகை, கண்ணுக்கு இதமான திரை, உறுதியான உடல், நாள் முழுவதும் தாங்கும் மின்கலம். இவற்றோடு, வந்து ஓராண்டாவது ஆன மாடல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரைச்சில்லு இன்டெல் அல்லது ஏ.எம்.டி. நிறுவனத்தினுடையதாக இருந்தால் தலைவலி குறைவு. தனி என்விடியா சில்லு படிப்புக்குத் தேவையென்றால் மட்டும். மெல்லிய பெட்டிகளில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. எனவே வாங்கும்போதே 16 ஜி.பி. பாருங்கள். ஃப்ரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம் 2021 முதல் எல்லாப் பாகத்தையும் வாங்கியவரே கழற்றி மாட்டும்படி மடிக்கணினி செய்கிறது. பாகத்தின் மேல் ஒரு குறியீடு இருக்கும். கைப்பேசியால் பிடித்தால் எப்படிக் கழற்றுவது என்ற விளக்கம் வரும். அதைப் பார்த்தபோது நமக்கு அந்த வால்வு வானொலிதான் கண்முன் வந்தது.

தமிழ் எழுதுவதைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும், ஏனெனில் மூடிய பெட்டியின் தீங்கை நாம் தமிழிலேயே பட்டிருக்கிறோம். கேரித்தீவில் பிறந்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கித் தனியாள் கணினியில் தமிழை ஏற்றினார். நம் நாட்டுக்குப் பெருமை தரும் செய்தி. ஆனால் அக்காலத்தில் உலகெங்கும் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆளுக்கொரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. ஒன்றில் தட்டிய ஆலயக் குழு அறிக்கையை வேறொன்றில் திறந்தால் புரியாத கிறுக்கலாக வரும். 1999இல் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மாநாடு, தமிழ்99 என்ற பொது விசைப்பலகையை வகுத்தது. 2001இல் அம்மாநாடு நம் கோலாலம்பூரிலேயே கூடியது. யூனிகோடு என்ற உலகப் பொதுக்குறியீட்டில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தது. அது வழக்கத்துக்கு வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. எல்லாருக்கும் தெரிந்த பொது முறை வந்த பின்னர்தான் ஒருவர் தட்டியது மற்றவர் பெட்டியில் தமிழாகவே வந்தது. இன்று லினக்ஸில் தமிழ் எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் இலவசமாகவே கிடைக்கின்றன. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்ச் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது.

இனிக் கடைக்குப் போவோம். கிள்ளானிலிருந்து கம்யூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, பிரிக்பீல்ட்ஸ் பக்கமாக மோனோரயில் ஏறி இம்பியில் இறங்கினால் லோயாட் பிளாசா நடை தூரம். போகுமுன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையிடம் சொல்லி ஒரு பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றிக்கொள்ளுங்கள். அதைச் செருகி, கணினியில் எதையும் அழிக்காமல், அதிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்க முடியும். உபுண்டுவை வெளியிடும் கேனானிக்கல் நிறுவனம் தான் சோதித்துத் தேர்ந்த மடிக்கணினிகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. மனத்தில் உள்ள மாடல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் போதாது, எந்தத் தலைமுறை என்ற எண்ணும் ஒத்திருக்கவேண்டும். ஒரே பெயரில் விற்கும் பெட்டிகளிலேயே ஒன்றில் ஒரு நிறுவனத்தின் வைஃபை அட்டையும் மற்றொன்றில் வேறொன்றும் இருப்பதுண்டு.

புதுப்பெட்டியின் முத்திரையை உடைக்கக் கடைக்காரர் சம்மதிக்க மாட்டார், அது நியாயமே. காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலில் பார்க்க அனுமதி கேளுங்கள். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் வந்ததும் முதலில் வைஃபை. பிறகு ஒரு பாட்டுப் போட்டு ஒலி. பிறகு கேமரா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை. கடைசியாக மூடியை மூடி ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திறந்து பாருங்கள், விட்ட இடத்திலேயே நிற்கிறதா என்று. விரல்ரேகைப் பொத்தான் வேலை செய்யாவிட்டால் அதை நாம் பெரிதாக எடுப்பதில்லை, கடவுச்சொல் இருக்கவே இருக்கிறது. பிள்ளையின் பாடத்துக்கு விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஏதேனும் கட்டாயமா என்பதையும் விரிவுரையாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கட்டாயமென்றால் இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள வழியுண்டு. லினக்ஸின் மேல் உள்ள பற்றினால் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பணயம் வைக்கவேண்டாம்.

5,000 வெள்ளி இல்லாதவர்களுக்கு மற்றொரு வழி இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நமக்குப் பிடித்தது இதுதான். தொழில்நிறுவனங்கள் தங்கள் ஊழியருக்கு வாங்கிய உயர்தரப் பெட்டிகளை மூன்று நான்கு ஆண்டுகளில் கழித்துவிடுகின்றன. அவை துடைத்துச் சீர்செய்யப்பட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய கணினிக் கடைகளுக்கு வருகின்றன. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. 2018க்கு முந்திய பெட்டிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் நல்ல உடலும் நல்ல விசைப்பலகையும் கொண்ட பெட்டிகள்கூடக் கழிவாகின்றன. லினக்ஸுக்கு அவை ஒன்றும் பழையவை அல்ல. அவற்றின் இயக்கிகள் எல்லாம் எழுதி முடிந்து, பிழை திருந்தி, பல ஆண்டுகள் ஓடிய சரக்கு. அப்படி வாங்கும்போது மின்கலத்தை மட்டும் நன்றாகச் சோதியுங்கள். தேய்ந்திருந்தால் மாற்றுவதற்கு ஆகும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். சார்ஜர் அசலானதா, திரையில் கோடு புள்ளி உண்டா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

புதிதோ பழையதோ, பணம் கொடுக்குமுன் ரசீதில் முழு மாடல் எண்ணையும் நினைவகத்தின் அளவையும் உத்தரவாத நாள்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லினக்ஸ் போட்டால் உத்தரவாதம் உண்டா இல்லையா என்பதையும் அப்போதே கேட்டு, உண்டு என்றால் அதையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.